மூன்று நாளும் ஒரே பள்ளத்தாக்கில் இருங்கள்: லேக் டிஸ்ட்ரிக்ட் போகிறவர்களுக்கு

கேள்வி: மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு மூன்று நாள் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் போகிறோம். அப்பா அம்மாவும் வருகிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, மலை ஏற முடியாது. விண்டர்மியரில் படகு, கடைத்தெரு, அவ்வளவுதான் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு மலை, பாறை, பறவை, விலங்கு பார்க்கத்தான் ஆசை. எங்கே போவது, எதைப் பார்ப்பது?

பதில்:

முதல் வேலையாக விண்டர்மியரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி அதுதான், 17 கிலோமீட்டர் நீளம், அழகில் குறையொன்றும் இல்லை. ஆனால் நீங்கள் போகும் வாரத்தில் பள்ளிப் பருவத்தின் இடைவிடுமுறையும் அரசுப் பொது விடுமுறையும் சேர்ந்து வரும். கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். அதற்குப் பதில் வடக்கே கெசிக் ஊரில் தங்குங்கள். ஊரை ஒட்டியே டெர்வென்ட்வாட்டர் ஏரி இருக்கிறது. ஏரிக்குத் தெற்கே பாரோடேல் பள்ளத்தாக்கு. மூன்று நாளுக்கு இந்த ஒரு பள்ளத்தாக்கே தாராளம். பத்து ஏரியைக் கார் கண்ணாடி வழியாகப் பார்ப்பதைவிட ஒன்றை மேலிருந்து அடிவரை பார்ப்பதுதான் உங்கள் ஆசைக்குப் பொருந்தும் என்பது என் கட்சி.

போகும் முன் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தால் ஏமாற்றம் வராது. இது ‘காடு’ அல்ல. 1951இல் தேசியப் பூங்காவானது, 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் சேர்ந்தது இயற்கைத் தலமாக அல்ல, பண்பாட்டு நிலப்பரப்பாக. அதாவது மனிதனும் ஆடும் சேர்ந்து நூற்றாண்டுக் கணக்கில் உருவாக்கிய நிலம் இது. வெல்வெட் விரித்த மாதிரி பச்சையாகத் தெரியும் அந்த மலைகளில் ஒரு காலத்தில் மரம் இருந்தது. வெட்டினார்கள், அப்புறம் ஆடு மேய்ந்தது, முளைக்கும் கன்றையெல்லாம் தின்றது, மலை மொட்டையாகவே நின்றுவிட்டது. அதனால் காட்டுயிர்களைத் தேடும்போது உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஆடு எட்டாத இடங்களில்தான் உயிர் ஒதுங்கியிருக்கிறது: செங்குத்துப் பாறை, ஓடைப் பிளவு, வேலி போட்ட தோப்பு, ஏரியின் ஆழம்.

இப்படிச் சொன்னதற்காக ஆட்டை வெறுத்துவிட வேண்டாம். ஹெர்ட்விக் என்ற இந்தப் பகுதியின் ஆடு பார்க்க வேண்டிய பிராணி. குட்டி பிறக்கும்போது கறுப்பு, வளர வளர முகம் வெளுத்து, உடம்பு சாம்பலாகும். நீங்கள் போகும் நேரத்தில் கருங்குட்டிகள் தாயோடு திரிந்துகொண்டிருக்கும். மேலே திறந்த மலையில் வேலியே இருக்காது. தன் மந்தையின் மேய்ச்சல் எல்லை எதுவரை என்பதைக் குட்டி தாயிடமிருந்து கற்றுக்கொள்கிறது, அப்படியே அது தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. ஒரு பண்ணை கைமாறினால் ஆடும் மலையோடு சேர்ந்தே கைமாறும் வழக்கம் அதனால்தான்.

சரி, முதல் நாள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு லாட்ரிக் மலைக்குப் போங்கள். 368 மீட்டர் உயரம்தான். கெசிக்கிலிருந்து நடந்தால் செங்குத்து, ஆனால் மலையின் பின்புறம் கேல் ரோடு முடிவில் ஒரு சின்ன கார் நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து சக்கர நாற்காலியும் போகும்படி பாதை போட்டிருக்கிறார்கள். காலையில் சீக்கிரம் போங்கள், இடம் நிரம்பிவிடும். மேலே போய்த் தெற்கே திரும்பி நின்றால் டெர்வென்ட்வாட்டர் முழுவதும், அதற்கு அப்பால் பாரோடேலின் குறுகிய வாயும், அதற்கும் பின்னால் இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக்கை (978 மீட்டர்) சுற்றிய மலைக்கூட்டமும் தெரியும்.

இந்த இடத்தில் அவசரப்படாமல் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் முதுகுப்பக்கம் இருப்பது ஸ்கிடா மலை. வழவழப்பான, உருண்டையான தோள்கள். எதிரே தெற்கில் இருப்பவை கரடுமுரடானவை, பல் பல்லாக நிற்பவை. காரணம் கல். ஸ்கிடா பக்கம் சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, இறுகிப் பலகைக் கல்லானது. எளிதில் சில்லுச் சில்லாகப் பெயரும், ஆகவே மலை மழமழவென்று தேய்ந்தது. எதிர்ப்பக்கம் சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய குழம்பும் சாம்பலும். ஓரிடத்தில் கெட்டி, ஓரிடத்தில் மெத்து. கெட்டியானது நின்றுவிட்டது, மெத்தென்று இருந்தது போய்விட்டது. அந்த எல்லைக்கோடு கிட்டத்தட்ட உங்கள் கண்முன் ஏரிப்பக்கம் ஓடுகிறது. இதைத் தெரிந்துகொண்டபின் மிச்ச இரண்டு நாளும் எந்த மலையைப் பார்த்தாலும் எந்தக் கல் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கல் இப்படிக் கொடுத்தது, செதுக்கியது பனி. கடைசிப் பனியுகத்தில் மலைகளின் நடுவிலிருந்து நாலா பக்கமும் பனியாறுகள் இறங்கின. ஆறு அறுத்த பள்ளத்தாக்கு ஆங்கில ‘வி’ எழுத்துப் போல் குறுகலாக இருக்கும், பனியாறு அதைத் தோண்டி ‘யு’ ஆக்கிவிடும். அடி தட்டை, பக்கச் சுவர்கள் செங்குத்து. தோண்டிய குழியில் பனி உருகித் தண்ணீர் நின்றதுதான் இந்த நீள ஏரிகள். மலைத்தோளில் தனியாகத் தங்கிய சின்னப் பனிக்கட்டி கிண்ணம் போலக் குடைந்த இடங்களில் சிறு குளங்கள் நிற்கின்றன, அவற்றை இங்கே டார்ன் என்கிறார்கள். கடைசியாக ஒரு குளிர் அலை வந்து, சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன்புதான் போனது. மலையின் வயதோடு ஒப்பிட்டால் அது நேற்று. பாரோடேல் உள்ளே பச்சைப் புல் மூடிய சின்னச் சின்ன மேடுகள் காரணமில்லாமல் குவிந்திருப்பதைக் காண்பீர்கள். பனியாறு இழுத்துவந்த மண்ணையும் கல்லையும் கொட்டிவிட்டுப் போன இடங்கள் அவை.

இன்னொன்றும் லாட்ரிக்கிலிருந்து தெரியும். வடமேற்கே பாஸ்ஸன்த்வெயிட் என்று இன்னொரு ஏரி. அதுவும் டெர்வென்ட்வாட்டரும் ஒரு காலத்தில் ஒரே ஏரி. ஆறுகள் அடித்துவந்த வண்டல் நடுவில் படிந்து படிந்து, இடையில் தட்டையான வயல்வெளி உண்டாகி, இரண்டாகப் பிரித்துவிட்டது. பெருவெள்ளம் வந்தால் அந்த வெளி தண்ணீரில் மூழ்கிப் பழைய ஏரி திரும்ப வருவது போலிருக்கும். மேற்கே பட்டர்மியரும் கிரம்மக் வாட்டரும் பிரிந்த கதையும் இதேதான்.

இரண்டாம் நாள் பாரோடேலுக்குள். காரைக் கெசிக்கிலேயே விட்டுவிட்டு 78ஆம் எண் பேருந்தில் போங்கள். பள்ளத்தாக்கு முழுக்கப் போய் சீடாலர் வரை விடும். அங்குள்ள சாலையில் கார் ஓட்டுகிறவர் கல்சுவரைத் தவிர எதையும் பார்க்க முடியாது. வழியில் பௌடர் ஸ்டோன் என்ற பாறையைப் பார்க்கலாம். கார் நிறுத்தத்திலிருந்து அதிகம் ஏற்றமில்லாத பாதைதான், அம்மாவும் மெதுவாக வரலாம். சுமார் 9 மீட்டர் உயரமும் ஆயிரம் டன்னுக்கு மேல் எடையும் உள்ள ஒரே கல், கீழ் விளிம்பில் சாய்ந்து நிற்கிறது. பனியாறு தூக்கிவந்து வைத்தது என்று பலர் சொல்வார்கள். மேலே உள்ள செங்குத்துப் பாறையிலிருந்து, பனி உருகியபின் பிடிமானம் இழந்து விழுந்தது என்பதே இன்றைய விளக்கம். ஏணி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் ஏறாமல் விடமாட்டார்கள்.

ஆனால் பாரோடேலின் உண்மையான செல்வம் பாறை அல்ல, அதைச் சுற்றி நிற்கும் ஓக் தோப்புகள். இவை மழைக்காடுகள். வெப்பமண்டலத்தில்தான் மழைக்காடு என்று நினைத்திருப்போம், குளிர்நாட்டிலும் உண்டு. பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் உள்ள சீத்வெயிட் இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களிலேயே அதிக மழை பெறுவது, ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள கெசிக்கில் அதில் பாதிகூட இல்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகம் நடுமலைகளில் முட்டிப் பெய்துவிடுகிறது. சீடாலருக்கு மேலே உள்ள ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பர் புயலின்போது 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பதிவானது, பிரிட்டனில் அது சாதனை.

அந்த ஈரம் தோப்புக்குள் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். கல்லெல்லாம் பாசி, மரத்தண்டெல்லாம் பாசி, கிளைமேல் பெரணி, பட்டைமேல் லைக்கன். லைக்கன் என்பது பூஞ்சையும் ஆல்கா என்ற நுண்பாசியும் கூடி வாழும் உயிர். நுரையீரல் போல மடிப்புமடிப்பாகத் தொங்கும் ஒரு பெரிய பச்சை லைக்கன் உண்டு, காற்று சுத்தமாக இல்லாத இடத்தில் அது பிழைக்காது. ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுபோனால் ஒரே மரத்தடியில் ஒரு மணி நேரம் போய்விடும். பாரோடேலின் இந்தத் தோப்புகளை 2024இல் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள்.

மே கடைசியில் இந்தத் தோப்புகளுக்குப் போவது அதிர்ஷ்டம். ஆப்பிரிக்காவில் குளிர்காலம் கழித்த பறவைகள் ஏப்ரலில் வந்து கூடு கட்டி, இப்போது குஞ்சுக்கு இரை ஊட்டும் ஓட்டத்தில் இருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்ன ஈப்பிடிப்பான், செந்நிற வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும் ரெட்ஸ்டார்ட், ஓக் உச்சியில் நாணயம் சுழன்று விழுவதுபோல் ஒலியெழுப்பும் மஞ்சள் தொண்டைக் கதிர்க்குருவி. இந்த மூன்றையும் ஒரே தோப்பில் பார்க்க வாய்ப்புள்ள இடம் இங்கிலாந்தில் அதிகம் இல்லை. அதிகாலையில் போக வேண்டும். ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், எட்டு மணிக்கு மேல் பாட்டு குறைந்துவிடும். ஓடைப்பக்கம் வந்தால் நடு ஓடைக் கல்மேல் உட்கார்ந்து முழங்கால் மடித்து மடித்து நிமிரும் குண்டான பழுப்புப் பறவையைத் தேடுங்கள், மார்பு மட்டும் பளிச்சென்று வெள்ளை. டிப்பர் என்று பெயர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள் இறங்கி, ஓட்டத்துக்கு எதிராக அடியில் நடந்து, புழு பிடித்துக்கொண்டு வரும். பள்ளத்தாக்கில் எனக்கு மிகப் பிடித்த ஜீவன் அதுதான்.

நடக்க முடிந்தவர்கள் கிரேஞ்ச் கிராமத்திலிருந்து ஆற்றோரமாக நடந்து, காசில் கிராக் என்ற 290 மீட்டர் குன்றில் ஏறி, ராஸ்த்வெயிட்டில் இறங்கிப் பேருந்தைப் பிடிக்கலாம். உயரம் குறைவு, ஆனால் கடைசி ஏற்றம் பழைய கல் குவாரிச் சில்லுகள் மேல், காலணி நன்றாக இருக்க வேண்டும். உச்சியிலிருந்து, பள்ளத்தாக்கு ஏன் அந்த இடத்தில் கழுத்து நெரிந்ததுபோல் குறுகுகிறது என்பது புரிந்துவிடும். கெட்டிப் பாறை, பனியாற்றால்கூட முழுதாக அறுக்க முடியவில்லை.

மூன்றாம் நாளை ஏரிக்கு வையுங்கள். டெர்வென்ட்வாட்டரைச் சுற்றிவரும் பொதுப் படகு ஒன்று இருக்கிறது, பல துறைகளில் நிற்கும். எங்கே வேண்டுமானாலும் இறங்கி, கரையோரமாக நடந்து, அடுத்த துறையில் ஏறிக்கொள்ளலாம். அம்மா படகிலேயே இருந்துவிடலாம். தெற்கு மூலையில் லோடோர் பக்கம் ஒரு வினோதம் உண்டு. சில ஆண்டுகளில் கோடைக் கடைசியில் அங்கே ஒரு தீவு முளைக்கும். ஏரியடியில் மட்கிய செடிகொடிக்குள் மீத்தேன் வாயு சேர்ந்து, அந்தப் படுகையே உப்பி மேலே வந்துவிடுகிறது. வாயு போனதும் அமிழ்ந்துவிடும். மே மாதத்தில் நீங்கள் பார்ப்பதற்கில்லை, ஆனால் எந்தத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்திருப்பது நல்லதுதானே.

அந்தத் தண்ணீருக்குள் உங்கள் கண்ணில் படாத ஒரு முக்கியமானவர் இருக்கிறார். வென்டேஸ் என்ற வெள்ளி நிற மீன், பனியுகம் விட்டுப்போன எச்சம். குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த நீர் வேண்டும், முட்டையிடச் சுத்தமான சரளைக்கல் அடி வேண்டும். பிரிட்டனில் இயற்கையாக இருந்தது நான்கே ஏரிகளில், ஸ்காட்லாந்தில் இருந்த இரண்டில் எப்போதோ அழிந்துவிட்டது. மிஞ்சியவை டெர்வென்ட்வாட்டரும் பாஸ்ஸன்த்வெயிட்டும். பாஸ்ஸன்த்வெயிட்டில் வண்டலும் கழிவுச் சத்தும் சேர்ந்து முட்டையிடும் இடங்களை மூடியதில் மீன் அற்றுப்போனது என்றே முடிவு கட்டினார்கள். 2013இல் ஒன்று கிடைத்தது. இதற்கிடையில் காப்புக்காக, 2011இல் டெர்வென்ட்வாட்டர் வென்டேஸ் குஞ்சுகளை மலைமேல் உள்ள ஸ்ப்ரிங்க்ளிங் டார்ன் குளத்துக்குக் கொண்டுபோனார்கள். வண்டி போகாத பாதை என்பதால் லாமாக்கள்மேல் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பது கூடுதல் தகவல். விண்டர்மியரின் ஆழத்தில் வாழும் ஆர்க்டிக் சார் மீனும் இதே சாதிதான், பனி போனபின் குளிர்நீரில் மாட்டிக்கொண்டு தங்கியது. ஏரி சூடாவதும் அழுக்காவதும் முதலில் இவற்றைத்தான் தாக்கும்.

மாலையில் பாஸ்ஸன்த்வெயிட் ஏரிப்பக்கம் போங்கள், விரால் அடிப்பான் (ஆஸ்ப்ரே) என்ற மீன்பிடிப் பறவையைப் பார்க்க. இங்கிலாந்தில் இந்தப் பறவையை அடியோடு அழித்திருந்தார்கள். லேக் டிஸ்ட்ரிக்டில் சுமார் 150 ஆண்டுகளுக்குப் பிறகு 2001இல் இந்த ஏரிப்பக்கம் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வசந்தத்தில் வந்து, கோடை முடிவில் கிளம்பிவிடும். மே கடைசியில் முட்டை பொரியும் நேரம். பெண் கூட்டில் இருக்க ஆண்தான் மீன் பிடித்துக் கொடுக்கும், அதனால் ஏரிமேல் பறப்பதைக் காண வாய்ப்பு அதிகம். கிழக்குக் கரையில் டாட் வனத்தில் பார்வை மேடை இருக்கிறது, கொஞ்சம் ஏற வேண்டும். கழுகு ஒன்று பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் பஸ்ஸர்ட் என்ற பருந்தாகத்தான் இருக்கும். பொன்னிறக் கழுகு இங்கே இருந்ததுண்டு. கிழக்கே ஹாஸ்வாட்டர் பக்கம் 1969 முதல் கூடு கட்டியது. துணை போனபின் தனியாக இருந்த கடைசி ஆணும் 2015க்குப் பிறகு தென்படவில்லை. அந்த ஹாஸ்வாட்டரே 1930களில் அணை கட்டி ஒரு கிராமத்தை மூழ்கடித்த ஏரி. இப்போது அதையொட்டிய ஸ்விண்டேலில், கால்வாய் போல் நேராக்கி வைத்திருந்த ஓடையை 2016இல் மறுபடி வளைந்து ஓட விட்டார்கள். சில மாதத்திலேயே சால்மன் மீன் வந்து முட்டையிட்டது. செய்தால் நடக்கும் என்பதற்கு அது போதும்.

செவ்வணில் பார்க்க விண்லாட்டர் வனம். கெசிக்கிலிருந்து பக்கம். தீவனப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள், காலையில் பொறுமையாக நின்றால் வரும். 1876இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்துவிட்ட சாம்பல் அணில்கள் ஒரு அம்மையைப் பரப்புகின்றன. அவற்றுக்கு அது ஒன்றும் செய்யாது, செவ்வணிலைக் கொன்றுவிடும். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் செவ்வணில் இல்லாமல் போனதற்கு இது பெரிய காரணம். செம்மான் வேண்டுமென்றால் அல்ஸ்வாட்டருக்குக் கிழக்கே மார்ட்டின்டேல், ஆனால் அது அக்டோபர் பயணம். ஆண்மான்கள் முழங்கும் பருவத்தில் போனால்தான் மதிப்பு. மூன்று நாளில் அதையும் திணிக்காதீர்கள்.

மழை பெய்யும், அதில் சந்தேகமே வேண்டாம். பெய்தால் லோடோர் அருவிக்குப் போங்கள். காய்ந்த நாளில் போய்ப் பார்த்துவிட்டு ‘இதுதானா’ என்று திரும்பியவர்கள் பலர், நல்ல மழைக்கு மறுநாள்தான் அது அருவி. மலைமேல் ஏறும் நாளில் கெசிக்கின் வானிலையை நம்ப வேண்டாம். மலையுச்சி வானிலைக்கென்று தேசியப் பூங்கா நடத்தும் வெதர்லைன் அறிக்கையைப் பாருங்கள். கீழே வெயில், மேலே மேகத்துக்குள் பத்தடி தெரியாமல் இருப்பது வழக்கம். காகித வரைபடம் ஒன்று கையில் இருக்கட்டும், பள்ளத்தாக்கில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. அவசரம் என்றால் 999 அழைத்துப் போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது.

ஏரியில் கால் நனைத்த காலணி, மீன்வலை, ரப்பர் படகு எதுவானாலும் அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகும் முன் கழுவிக் காயவையுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பகுதியைச் சேர்ந்த ஒரு நீர்க்களை டெர்வென்ட்வாட்டரில் பரவிக்கிடக்கிறது, ஒரு சின்னத் துண்டு போதும் இன்னொரு ஏரியில் வேர்விட. பெரணி மண்டிய சரிவில் நடந்த நாளில் இரவு படுக்கும் முன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, பிள்ளைகளின் தலைமுடி ஓரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நசுக்காமல், எண்ணெய் தடவாமல், முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்தால் அது லைம் நோயாக இருக்கலாம், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.